எவரெஸ்ட் போக 5 லட்சம் முன்பணம் கட்டலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். வயது 36, சென்னையில் மென்பொருள் வேலை. போன அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்துபோய் வந்தீர்கள், பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. இப்போது ஒரு நிறுவனம், "முன் அனுபவம் தேவையில்லை, இரண்டே வருடத்தில் உங்களை உச்சியில் நிறுத்துகிறோம், இடம் பிடிக்க 5 லட்சம் கட்டுங்கள்" என்கிறது. கட்டலாமா, நல்ல நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, உடம்பு தாங்குமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்: "காசு கட்டிவிட்டால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்தானே?" நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற மூன்றுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வசதியாக இருக்கும். நான் இராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவன். லடாக்கின் லேவிலும் அதற்கு மேலே உள்ள முகாம்களிலும் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு உத்தராகண்டின் கர்வாலிலும் நேபாளத்திலும் சில மலையேற்றக் குழுக்களுக்கு டாக்டராகப் போனேன். எவரெஸ்டில் நான் தொட்ட அதிகபட்ச உயரம் இரண்டாம் முகாம், ஏறத்தாழ 6,400 மீட்டர். உச்சியில் நின்றவன் இல்லை. ஆகவே இது கீழே கூடாரத்தில் உட்கார்ந்து, ஏறிப் போனவர்களையும் இறங்கி வந்தவர்களையும் பரிசோதித்த ஒருவனின் பேச்சு. பனிச்சரிவில் கயிறு போடும் நுணுக்கங்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: இப்போது கட்டாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பேஸ் கேம்ப் நடைப்பயணத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்க்க வேண்டும். பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உச்சி 8,848.86 மீட்டர், அங்கே மூன்றில் ஒரு பங்குதான். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் தங்கி, மெதுவாக, படுக்கும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்த அட்டவணைக்கு உங்கள் உடம்பு ஒத்துழைத்தது, அவ்வளவுதான். வேகமாக ஏறினால் என்ன ஆகியிருக்கும், 7,000 மீட்டரில் மூன்று இரவு படுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

மருத்துவத்தில் இதில் உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: உடற்தகுதி வேறு, உயரத்துக்குப் பழகுதல் வேறு. இதை நம் இராணுவம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோன திடகாத்திரமான சிப்பாய்கள் கொத்துக் கொத்தாக மலை நோயில், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் நோயில், விழுந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் பாதிக்கப்பட்ட 1,925 இந்திய வீரர்களைப் பற்றி நம் இராணுவ மருத்துவர்கள் 1969இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இராணுவத்தில் இன்றைக்கும் உயரத்துக்குப் போகிறவன் முதல் கட்டத்தில் ஆறு நாள், அதற்கு மேலே நான்கு நாள், அதற்கும் மேலே நான்கு நாள் என்று இருந்து பழகித்தான் போக வேண்டும். கர்னலுக்கும் அதே கணக்கு, சமையல்காரருக்கும் அதே கணக்கு.

மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு மலை நோய் அதிகமாக வருமா என்று பலர் கேட்பார்கள். அதிகமாக வருகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் நான் பார்த்தவரை அவர்களிடம் வேறொரு சிக்கல் உண்டு. தலைவலி வந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கர்வாலில் 7,000 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரம், முதல் முகாம். குழுவில் ஒருவர், ட்ரையத்லான் எல்லாம் செய்கிறவர், முப்பது வயது இருக்கும். தினமும் மாலையில் சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லோர் விரலிலும் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பேன். அவர் வருவதற்கு முன் வெளியே நின்று கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு, பத்துப் பதினைந்து முறை ஆழமாக மூச்சு இழுத்துவிட்டு உள்ளே வருவார். எண் நன்றாகக் காட்டும். மூன்றாம் நாள் மாலை அவர் ஷூ லேஸ் கட்டுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். முடிச்சு விழவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் விரல் தடுமாறியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தரையில் ஒரு கயிற்றை நேராக நீட்டிப்போட்டு, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் நுனியைத் தொடும்படி அதன்மேல் நடக்கச் சொன்னேன். போலீஸ்காரர் குடித்தவனைச் சோதிக்கிற மாதிரி. மூன்றாவது அடியில் இடப்பக்கம் சாய்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூளையில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஊசி, ஆக்சிஜன், இரவோடு இரவாக இரண்டு பேர் துணையோடு கீழே. மறுநாள் பேஸ் கேம்ப்பில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதில் நான் சொல்ல வந்தது அவர் கதையை அல்ல. அவரை இறக்க வேண்டும் என்று நான் சொன்னபோது குழுவை நடத்தியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், காலையில் பார்த்துக்கொள்ளலாமே, ஸ்பான்சர் பிடித்து வந்த பையன், முழுப் பணமும் கட்டியிருக்கிறார்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பல வருடம் மலையில் இருந்தவர். அந்த வரி அவர் வாயிலிருந்தே வந்தது என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. பணம் வாங்கிய இடத்தில் "இறங்கு" என்ற சொல் தொண்டையில் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். உங்கள் நிறுவனத்தை எடைபோட வேண்டியது இங்கேதான்.

சரி, காசுக்கு என்னதான் கிடைக்கிறது? நிறையவே கிடைக்கிறது. நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் வசந்த காலப் பருவத்துக்கு 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். அதற்கு முன் பல வருடம் 11,000 ஆக இருந்தது. பேஸ் கேம்ப்புக்கு மேலே, பனிப்பாளங்கள் உடைந்து நகர்ந்துகொண்டே இருக்கும் சரிவான கும்பு பனியருவியில் ஏணியும் கயிறும் போட்டுப் பாதை திறப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. 'ஐஸ்ஃபால் டாக்டர்' என்பார்கள், என்னைப் போன்ற டாக்டர் இல்லை, பனியைப் படித்த ஷெர்பாக்கள். அதற்கு மேலே உச்சிவரை கயிறு கட்டுவது, நான்கு முகாம்களுக்கும் கூடாரம், கேஸ், சாப்பாடு சுமப்பது, உங்களோடு கூடவே ஏறும் ஒரு ஷெர்பா, வானிலை அறிக்கை, ஆக்சிஜன். இவையெல்லாம் சேர்ந்து நேபாள நிறுவனங்களிடம் மலிவாகப் பார்த்தாலும் 35 லட்சம் ரூபாயை ஒட்டி வரும். மேலைநாட்டு நிறுவனங்களிடம் அதைப்போல இரண்டு மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேலே. இரண்டு மாத விடுப்பு, உடை, ஷூ, காப்பீடு, அன்பளிப்பு எல்லாம் தனி.

ஆக்சிஜன் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிறுவனங்கள் விலையைக் குறைப்பது பெரும்பாலும் இங்கேதான். வழக்கமான நான்கு லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 1,200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று திறந்தால் பத்து மணி நேரம் வரும். 4 லிட்டர் என்றால் ஐந்தே மணி நேரம். உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான சவுத் கோலிலிருந்து இரவு கிளம்பி உச்சி தொட்டுத் திரும்பிவர மெதுவாகப் போகிறவர்களுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேலேகூட ஆகும். நடுவில் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால்? 2019 மே 22 அன்று உச்சிக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டி நின்ற அந்தக் கூட்டத்தின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பருவத்தில் எவரெஸ்டில் 11 பேர் இறந்தார்கள். வரிசையில் நிற்கிறவன் நடக்காவிட்டாலும் சிலிண்டர் காலியாகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் "ஆக்சிஜன் உண்டு" என்ற சொல்லோடு விட்டுவிடாதீர்கள். எனக்கு எத்தனை சிலிண்டர், ஷெர்பாவுக்கு எத்தனை, ஒரு சிலிண்டரில் எத்தனை லிட்டர், உபரி எங்கே இருக்கும், முகமூடியோ ரெகுலேட்டரோ கெட்டால் மாற்று யார் பையில் இருக்கும் என்று எண்ணிக் கேளுங்கள்.

காசுக்குக் கிடைக்காதது, சரியான நேரத்தில் திரும்பும் முடிவு. இதற்கு 1995, 1996 இரண்டு வருடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால் 1995இல் டக் ஹேன்சன் என்ற அமெரிக்கத் தபால் ஊழியரைத் தெற்குச் சிகரத்துக்குப் பக்கத்தில், உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நேரமாகிவிட்டது என்று திருப்பி இறக்கினார். இருவரும் உயிரோடு ஊர் போனார்கள். அடுத்த வருடம் அதே ஹேன்சன் மறுபடி வந்தார். 1996 மே 10 அன்று, பிற்பகல் 2 மணிக்குள் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்ற பேச்சு இருந்தும், அவர் உச்சியை அடைந்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. ஹால் மேலேயே அவருக்காகக் காத்திருந்தார். இருவரும் திரும்பவில்லை. அந்தப் புயலில் மொத்தம் எட்டுப் பேர் இறந்தார்கள். ஹால் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வழிகாட்டிகளில் ஒருவர், விதி அவருக்குத் தெரியாமல் இல்லை. போன வருடம் திருப்பி அனுப்பிய மனிதர் மறுபடி பணம் சேர்த்து, கண்ணெதிரே தள்ளாடிக்கொண்டு வரும்போது என்ன நினைத்திருப்பார் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். எனக்கு அந்தக் கர்வால் கூடாரப் பேச்சு ஞாபகம் வரும்.

"மேலே ஏதாவது ஆனால் ஹெலிகாப்டர் வரும்" என்று அந்த நிறுவனம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் முகாம்வரை வருவது இன்று வழக்கமாகிவிட்டது. வானிலை நன்றாக இருந்து, நல்ல விமானியும் இருந்தால் அதற்கு மேலே நீண்ட கயிறு விட்டுத் தூக்கிய சம்பவங்களும் உண்டு. 8,000 மீட்டருக்கு மேலே அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. 2023 மே மாதம் பால்கனி என்ற இடத்துக்கு அருகே, 8,300 மீட்டருக்கு மேலே, மலேசியாவிலிருந்து வந்த ஏறுநர் ஒருவர் குளிரில் விறைத்து, கயிற்றைப் பிடித்தபடி கிடந்தார். கேல்ஜே ஷெர்பா என்ற வழிகாட்டி தன் வாடிக்கையாளரின் உச்சிப் பயணத்தையே கைவிடச் செய்து, இவரைப் படுக்கை விரிப்பில் சுருட்டி, சில இடங்களில் முதுகில் சுமந்து, சில இடங்களில் இழுத்து இறக்கினார். சவுத் கோல் வரையிலான அந்த 600 மீட்டர் இறக்கத்துக்கு மட்டும் சுமார் ஆறு மணி நேரம் ஆனது. மூன்றாம் முகாமிலிருந்துதான் ஹெலிகாப்டர் தூக்கியது. அன்று அவர் பிழைத்தது அந்த வழியே அப்படி ஒரு மனிதர் வந்ததால். அதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. நீங்கள் பனியருவியைச் சில முறைதான் கடப்பீர்கள். உங்கள் கூடாரத்தையும் சிலிண்டரையும் சுமக்கிறவர் ஒரு பருவத்தில் அதைப் பல மடங்கு முறை கடக்கிறார். 2014 ஏப்ரல் 18 காலை அங்கே பனிப்பாளம் சரிந்தபோது இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள், வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. அதன் பிறகுதான் அவர்களுக்கான கட்டாய ஆயுள் காப்பீட்டை 10 லட்சம் நேபாள ரூபாயிலிருந்து 15 லட்சமாக உயர்த்தினார்கள். நிறுவனத்திடம் பேசும்போது தொழிலாளர்களுக்குக் காப்பீடு எவ்வளவு, ஒரு ஷெர்பா எத்தனை கிலோ சுமப்பார் என்று கேட்டுப் பாருங்கள். தங்கள் ஆட்களை நன்றாக நடத்துகிற நிறுவனம் சட்டென்று பதில் சொல்லும். சொல்லத் தயங்கினால் உங்களையும் அப்படித்தான் நடத்துவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறுவனத் தேர்வில் விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. விலை அதிகம் என்பதால் பாதுகாப்பு அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன், கணிசமான பணம் பேஸ் கேம்ப்பில் மெத்தைக்கும் காபி மெஷினுக்கும் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மிக மலிவாக இருந்தால் எங்கேயோ வெட்டியிருக்கிறார்கள் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். 2025இல் திருத்திய நேபாள விதிப்படி 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும். அனுபவம் குறைந்த உங்களுக்கு ஒருவருக்கு ஒருவர் என்று கேளுங்கள், அவர் பெயரையும் முன்பு எந்தெந்த மலை ஏறினார் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பேரை உச்சிக்குப் பக்கத்திலிருந்து திருப்பினீர்கள் என்று கேளுங்கள். "எங்களுக்கு நூற்றுக்கு நூறு வெற்றி" என்றால், தம்பி, அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். யாரையும் சேர்ப்பதற்கு முன் அவருடைய பழைய ஏற்றங்களின் விவரம் கேட்டு, போதாது என்று மறுக்கிற நிறுவனம்தான் என் கணக்கில் நல்ல நிறுவனம். உங்களிடம் அனுபவமே தேவையில்லை என்கிறவர்கள், உங்களோடு ஒரே கயிற்றில் வரப்போகிற மற்றவர்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

காப்பீட்டைத் தனியாகப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஓர் உயரத்துக்கு மேலேயும், கயிறும், ஷூவில் மாட்டும் முள்தகடான கிராம்பானும் போட்டு ஏறுவதையும் விலக்கியிருக்கும். நேபாளத்தில் தேவையில்லாமல் ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டுப் பணம் பிடுங்கிய மோசடி பெரிதாகி 2018இல் அரசே விசாரணை வைத்தது. அதனால் ஹெலிகாப்டரை அழைக்கும் முடிவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சில நிறுவனங்கள் இன்னொரு படிவமும் தரும். இறந்துவிட்டால் உடலை மலையிலேயே விடுவதா, கீழே கொண்டுவருவதா, செலவு யாருடையது என்று கேட்கும் படிவம். அதை ராத்திரி தனியாக உட்கார்ந்து நிரப்பாதீர்கள். வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து நிரப்புங்கள்.

சரி, அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கொஞ்சம் நீளமான வழி. உத்தரகாசி நேரு மலையேற்ற நிலையம், டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிலையம், மணாலி, பஹல்காம் இவற்றில் ஏதாவது ஒன்றில் அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். ஏறக்குறைய நான்கு வாரம். கட்டணம் உங்கள் முன்பணத்தோடு ஒப்பிட்டால் கொசுறு. இடங்கள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும், பல இடங்களில் 40 வயதை ஒட்டி வரம்பும் இருக்கிறது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த கட்டமான அட்வான்ஸ் பயிற்சி. பயிற்சி நிலையம் என்பதால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் பயிற்சிக் குழுமேல் பனிச்சரிவு விழுந்து 29 பேர் போனார்கள். பனி மலைக்கு நாம் மாணவனா வாடிக்கையாளனா என்றெல்லாம் தெரியாது.

அதற்குப் பிறகு 6,000 மீட்டரைத் தாண்டிய ஒரு மலை. நேபாளத்தில் மேரா, லோபுச்சே கிழக்கு, இம்ஜா ட்சே போன்றவை. அப்புறம் 7,000 மீட்டரில் ஒன்று. சதோபந்த், நுன், ஹிம்லுங் மாதிரி. அங்கேதான் உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கே முதல்முறையாக நிஜத் தகவல் கிடைக்கும். எவரெஸ்ட் ஏறுவதற்கு முன் நேபாளத்தில் ஒரு 7,000 மீட்டர் சிகரம் ஏறியிருக்க வேண்டும் என்ற மசோதாவே 2025இல் அங்கே மேலவைக்கு வந்தது. நீங்கள் போகும்போது விதி எந்த நிலையில் இருக்கிறது என்று நேரடியாகச் சுற்றுலாத் துறையிடம் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் சார்பில் 1997 மே 23 அன்று முதலில் எவரெஸ்ட் உச்சி தொட்ட மகேந்திரன், மோகனதாஸ் இருவரும் நம்மவர்கள்தான். அவர்கள் குழு அதற்கு முன் சில வருடங்களைத் தயாரிப்பில் செலவிட்டது. 2023இல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி தமிழ்நாட்டின் முதல் பெண்ணாக ஏறினார். நம்மூர் உடம்புக்கு இதெல்லாம் சரிவராது என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பனியில்லாத ஊரில் பிறந்தவர்கள் பனியில் நடக்கப் பழக அதிக நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை. ஜன்னல் கிரில்லில் ஒரு கயிறு கட்டுங்கள், நடுவில் இரண்டு இடத்தில் முடிச்சு போடுங்கள். இடுப்புப் பட்டையான ஹார்னஸை மாட்டிக்கொண்டு, கையில் தடித்த பனிக் கையுறை போட்டு, கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் பிடிப்பான ஜூமாரை முடிச்சுக்கு ஒரு பக்கம் கழற்றி மறுபக்கம் மாட்டுங்கள். இறங்குவதற்கு ஃபிகர் எய்ட் எனும் எட்டு வடிவ வளையத்தில் கயிற்றைக் கோத்துப் பாருங்கள். எந்த நேரத்திலும் ஒரு கொக்கியாவது கயிற்றில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் ஐந்து நிமிடம் ஆகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில், அதை அரை நிமிடத்துக்குள் செய்ய வரும்வரை விடாதீர்கள். மேலே பலரும் சிக்கிக்கொள்வது ஏற்றத்தில் இல்லை, களைத்துப்போய் இறங்கும்போது இந்த மாற்றத்தில்தான். ஏறிய ஒவ்வொருவரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மருந்துகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டயமாக்ஸ் எனும் அசிட்டசோலமைடு மலை நோயைத் தடுக்க உதவுகிறது என்பது உறுதியானது. வழக்கமான தடுப்பு அளவு காலை மாலை 125 மில்லிகிராம். விரல் நுனி ஊசி குத்துவது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். டெக்சாமெத்தசோனை உச்சிக்குப் போகும் 'தெம்பு மாத்திரை'யாக விழுங்குகிறவர்களை அறிவேன். அது அவசரத்துக்கு இறங்குவதற்கான மருந்து, ஏறுவதற்கானது இல்லை. பூண்டு சூப் குடித்தால் மலை நோய் வராது என்பது டீக்கடை நம்பிக்கை. சூடான திரவம் உள்ளே போகிறது என்ற அளவில் நல்லதுதான், குடியுங்கள். வீட்டிலேயே ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் படுத்துப் பழகுவதில் பலன் இருக்கக்கூடும், ஆனால் எவ்வளவு என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2025 மே மாதம் பிரிட்டனைச் சேர்ந்த நால்வர், உயரத்துக்குச் சீக்கிரம் பழக உதவும் என்று சொல்லப்பட்ட செனான் வாயுவைச் சுவாசித்துவிட்டு, லண்டனிலிருந்து கிளம்பி ஐந்தே நாளில் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அவர்கள் வாரக்கணக்கில் அந்தக் கூடாரத்திலும் படுத்திருந்தார்கள், மேலே ஆக்சிஜனும் எடுத்தார்கள். எது வேலை செய்தது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. செனான் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு அந்த வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது.

அப்புறம், 36 வயதுத் தமிழருக்குச் சொல்ல வேண்டியது: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பரிசோதனை மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். குளிரில் குளுக்கோமீட்டர் மக்கர் செய்யும், இன்சுலின் உறைந்தால் வீண். இருந்தால் போகவே முடியாது என்பதில்லை, ஆனால் அங்கே போய்த் தெரிந்துகொள்கிற விஷயம் அது இல்லை.

ஆபத்து எவ்வளவு என்று எண்ணாகக் கேட்டால், 2006 முதல் 2019 வரை முதல்முறையாக எவரெஸ்ட் ஏற வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் உச்சியை அடைந்தார்கள், நூற்றுக்கு ஒருவர் இறந்தார். அந்த நூறில் நன்கு பழகியவரும் உண்டு, கையுறையோடு கொக்கி மாட்டத் தெரியாதவரும் உண்டு. உங்கள் சொந்த எண் அதைவிடக் கூடவா குறையவா என்பது இன்னும் இரண்டு மூன்று வருடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முன்பணத்துக்கு வருகிறேன். அந்த 5 லட்சத்தில் அடிப்படைப் பயிற்சி, நல்ல இரட்டை அடுக்கு ஷூ ஒரு ஜோடி, மேரா மாதிரி ஒரு மலை எல்லாம் அடங்கிவிடும், மீதியும் கொஞ்சம் இருக்கும். ஷூ வாங்கும்போது இரண்டு காலுறை போட்டுக்கொண்டு மாலையில் போய்ப் பாருங்கள், கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்த நிறுவனத்தை உடனே முறித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உச்சி தொட்டால் கூட வரும் ஷெர்பாவுக்கு போனஸ் உண்டு, அது இந்தத் தொழிலில் வழக்கம். வாடிக்கையாளரைப் பாதியில் திருப்பிக் கூட்டிவந்தாலும் அந்த போனஸ் அவருக்கு முழுதாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.